இடக்கைச் சொம்பு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஓட்டியே பத்தொன்பது வருஷத்தைக் கழித்தவர் பாண்டுரங்கன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் தலையில் அடிபட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோதுதான், மூளையின் வலப்பக்கத்து ரத்தக்குழாய் ஒன்று சுருங்கிக் கிடப்பது தெரிந்தது. அடிபட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தலைவலி கிடையாது, மயக்கம் கிடையாது. மனுஷன் குத்துக்கல்லாட்டம் இருந்தார்.

"பக்கவாதம் வரலாம், வராமலும் போகலாம். யாருக்கு வரும், எப்போ வரும்னு சொல்ல எங்ககிட்ட வழியில்லை" என்றார் டாக்டர். தினம் ஒரு மாத்திரை எழுதினார். இடக்கை தளர்ந்தாலோ வாய் கோணினாலோ உடனே வரச் சொன்னார். ஸ்டியரிங்கை விட்டுவிடுவது நல்லது என்றும் சொன்னார். அதை மட்டும் பாண்டுரங்கன் டிப்போவில் மூச்சுவிடவில்லை. வண்டியை விட்டால் அவருக்கு வேறென்ன தெரியும்?

ஆனால் மனசு கேட்குமா? பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே! தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். காக்கிச்சட்டை மாட்டுமுன் மனைவி கெங்கம்மாள் இரண்டு சொம்பில் தண்ணீர் மொண்டு வருவாள். கண்ணை மூடி, இரண்டு கையையும் நீட்டி, அவள் வைக்கிற சொம்புகளை அவள் ஐம்பது எண்ணும்வரை பிடித்திருப்பார்; பிறகு அவளே வாங்கிக்கொள்வாள். இடக்கை இறங்காவிட்டால் அன்றைக்கு டூட்டி. இரண்டு வருஷம் இந்தப் பேஜாரு. சொந்தக் கையையே காவல் காத்துக் காத்து, எழுந்திருக்கும்போதே களைத்துப்போயிருப்பார்.

ஒரு மார்கழிக் காலையில் எண்ணி முடித்ததும் பால் பொங்க, கெங்கம்மாள் அடுப்பங்கரைக்கு ஓடினாள். சொம்புகளைத் தானே இறக்கி வைக்கக் கண்ணைத் திறந்தார். வலக்கைச் சொம்பு நிறைய இருந்தது. இடக்கைச் சொம்பில் பாதிதான். இத்தனை நாளும் சொம்பு லேசாக இருந்ததைக் கையின் பலம் என்று நம்பியிருக்கிறார்.

"எத்தினி நாளா இப்படி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மொத நாள்லேர்ந்தே. உங்க கை எறங்கறத என் கண்ணால பாக்க முடியாதுங்க."

அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. இரண்டு சொம்பையும் தானே தளும்பத் தளும்ப மொண்டு நீட்டினார். கெங்கம்மாள் அழுதுகொண்டே எண்ணினாள். ஐம்பதும் முடிந்தது; இடக்கை நடுங்கக்கூட இல்லை. "பாத்தீங்களா, ஒண்ணுமில்ல" என்று அவள் மூச்சுவிட்டாள்.

பாண்டுரங்கன் சொம்புகளை இறக்கி வைத்தார். ஆறு மணிக்கு நிற்கிற கை ஆறேமுக்காலுக்கு விக்கிரவாண்டி ரோட்டில் ஸ்டியரிங் மேல் நிற்குமா என்று எந்தச் சொம்பு சொல்லும்?

காக்கிச்சட்டை ஆணியிலேயே தொங்கியது. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு வருஷமாகப் பெட்டிக்கடியில் கிடந்த டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டார்.

"டூட்டிக்கு இல்ல கெங்கா. சொல்லிட்டு வர்றேன்" என்று டிப்போவுக்கு நடந்தார்.