கால் கழுவி ஏறிய கட்டில்

பிள்ளைகளைத் தூங்க வைக்கிற விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. பத்து வீடுகளுக்கு ஒரே தகரக் கூரை போட்ட எஸ்டேட் லயத்தில் பிள்ளை வளர்த்தவள் நான். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. நாலாவது வீட்டில் ஒருவர் இருமினால் என் வீட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். அது போதாதென்று விடிவதற்குள் தேயிலை ஃபேக்டரியின் சங்கு வேறு.

சித்திரபுரத்துக்கு மேலே, சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு பங்களாவில் அறைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒரு மழைக்காலத்தில் முதலாளியம்மாவுக்குக் குழந்தைகளுக்கென்று தனி அறை போடும் ஆசை வந்தது. டவுனில் இருந்து என்னென்னவோ வாங்கி வந்தார். சுவரில் பல்லைக் காட்டும் புலி. கட்டிலுக்கு நேர் எதிரே ஆள் உயரக் கண்ணாடி. மணிக்கு ஒரு தரம் குருவி பாய்ந்து வந்து கத்துகிற கடிகாரம்.

"இதுல குழந்தை தூங்காது மேடம், காய்ச்சல்தான் வரும்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"அப்போ நீயே செய்து காட்டு" என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

செய்து காட்டினேன். கட்டிலின் கால்களை அறுக்கச் சொன்னேன், உருண்டு விழுந்தாலும் ஒரு சாண் உயரம்தான். மழையில் வெளிச்சுவர் வியர்க்கும் என்பதால் கட்டிலை உள்சுவர்ப் பக்கம் தள்ளினேன். கண்ணாடியையும் குருவியையும் வெளியேற்றினேன். புலியின் மேல் வெளிர்பச்சை அடித்தாயிற்று. மத்தியானம் பொழுது சாய்ந்த மாதிரி ஆகும் அளவுக்குக் கனமான திரை. பல்பு கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் கசியும்படி அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. புது விரிப்பை, கடை வாசனையும் விறைப்பும் போகும்வரை நாலு தடவை துவைத்தேன். எல்லாவற்றையும் என் நாலு வயது மகளை மனத்தில் வைத்துத்தான் செய்தேன்.

"உன் மகளைப் படுக்க வை, பார்க்கலாம்" என்றார் முதலாளியம்மா. மழைக்காலத்தில் பங்களா காலிதானே. கீழே வளைவில்தான் அங்கன்வாடி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தினமும் கூட்டி வந்தேன். பின்வாசல் குழாயில் கால் கழுவிவிட்டுத்தான் கட்டிலில் ஏற வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். ஏறியவள் வாயைத் திறந்துகொண்டு இரண்டு மணி நேரம் புரளாமல் தூங்கினாள். பெற்று நாலு வருஷத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கேட்டாள். "அம்மா, இது யாரு ரூமு?"

நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஒன் ரூமுதாண்டி. பேசாமத் தூங்கு."

ஒரு வார்த்தையில் எனக்கு இரண்டு மணி நேர வேலை நடந்தது. அவளோ அதை அங்கன்வாடியிலும் லயம் முழுக்கவும் சொல்லிவிட்டாள். "ராணியம்மாவுக்குத் தூங்க நேரமாச்சாக்கும்?" என்று பெண்கள் அவளைச் சீண்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்டர்நெட்டில் போட முதலாளியம்மா அவள் தூங்குவதைப் படம் எடுத்தார், முகம் தெரியாமல் முதுகுப் பக்கமாக. தலையில் எண்ணெய் தெரிகிறது என்று சொல்லி, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டுவரச் சொன்னார். குளிப்பாட்டிக் கொண்டுபோனேன்.

மழை விட்டது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மகளை அங்கன்வாடியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகும்படி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் எனக்கு வேலைக்குத் தாமதமாகும். அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

முதல் குடும்பம் சென்னையில் இருந்து வந்தது, கூட ஒரு சின்னப் பையன். அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி யாரோடோ பேச்சில் நின்றுவிட்டாள். வழி தெரிந்த பிள்ளை தானே ஏறி வந்துவிட்டது. நான் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பையன் வீறிடுகிற சத்தம் கேட்டு ஓடினேன்.

பின்வாசலில் இருந்து கட்டில் வரை சின்னச் சின்ன ஈரக் காலடிகள். பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் அம்மா நின்றாள். கட்டில் ஓரத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள், தன் கட்டிலில் யாரோ படுத்திருந்த திகைப்போடு.

"யாருங்க இந்தப் பொண்ணு? எப்படி உள்ள வந்தா?"

முதலாளியம்மா என்னைப் பார்த்தார். அவருக்கு என் மகளின் பெயர் தெரியும். பிஸ்கட் கொடுத்திருக்கிறார், படம் எடுத்திருக்கிறார். ஆனால் பதிலை என்னிடம் விட்டுவிட்டார்.

"தெரியல மேடம். லயத்துப் பிள்ளை ஏதோ வழி தப்பி வந்திருக்கு" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். "நான் கால் கழுவிட்டுத்தான…" என்று ஆரம்பித்தாள். அடுத்து 'அம்மா' என்று வந்துவிடும். அதற்குள் அவள் வாயை என் உள்ளங்கையால் பொத்தினேன். பின்வாசலுக்கு வந்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. திரும்பிப் போய் அந்தக் காலடிகளைத் துடைத்தேன். "பாவம், பசியோ என்னவோ, இதைக் கொடுத்து அனுப்புங்க" என்று அந்தச் சென்னைக்காரி என்னிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட் நீட்டினாள். நல்ல மனசு. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அடித்தவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. நானும் அணைக்கப் பார்த்தேன். அடுத்த லீவு நாளில் எங்கள் வீட்டு மூலையில் பலகை போட்டுத் தாழ்வாக ஒரு கட்டில் செய்தேன். பங்களாவில் மிஞ்சிய திரைத்துணியைக் கேட்டு வாங்கிக் கட்டினேன். இருமல் தாண்டி வராமல் சுவருக்கு மேலே சாக்கு தொங்கவிட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு. விரிப்பை நாலு தடவை துவைத்தேன். பங்களா அறையைவிட நன்றாகவே வந்திருந்தது.

சாயங்காலம் மகள் வந்து பார்த்தாள். எட்டவே நின்றாள்.

"படுத்துப் பாருடி."

"யாரும்மா வர்றாங்க?"

"யாரும் வரல. இது ஒனக்குத்தான்."

சரி என்று தலையாட்டினாள். தன் பழைய பாயை எடுத்துவந்து, கட்டிலை ஒட்டி சிமெண்டுத் தரையில் விரித்தாள். விரிப்பில் கால் பட்டுவிடாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். காலையில் சங்கு ஊதியபோது, நான் செய்த கட்டிலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.