வைத்தது இரண்டு, கண்டது ஒன்று

மகளுக்குக் கலியாணமாகி ஒன்பதாவது வருடம், கொழும்பில் ஒரு மருத்துவமனையில், உடலுக்கு வெளியே உருவாக்கிய இரண்டு கருக்களை அவளது கருப்பையில் வைத்தார்கள். நான்கு வாரம் கழித்து அங்கேயே எடுத்த ஸ்கானில் ஒரு துடிப்புத் தெரிந்தது. அன்றைக்கே திருகோணமலைக்கு பஸ் ஏறினோம்.

"அப்ப மற்றது?" என்று கேட்டேன்.

"கரைஞ்சிருக்கும் எண்டு சொன்னவைதானே. ஒண்டு தங்கினது காணாதே? நீங்கள் இன்னும் துறைமுகத்தில மூட்டை எண்ணுறீங்களோ?" என்றாள் மனைவி. மகள்கூடச் சிரித்தாள்.

முப்பத்தொரு வருடம் இறங்குதுறையில் சரக்கு எண்ணியவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிகிச்சையைப் பற்றி ஊரில் மூச்சுவிடக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதிலும் 'டொக்டர்மார் செய்த பிள்ளை' என்பார்களாம்.

ஆறாம் நாள் காலை மகளுக்கு அடிவயிறு வலித்தது. சற்று நேரத்தில் வலது தோளும் நோகிறது என்றாள். மனைவி தைலம் தடவினாள். குசினிக்குப் போக எழுந்த மகள் கதிரையைப் பிடித்தபடி மறுபடி இருந்துவிட்டாள். நாடி பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு நூற்று நான்கு.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் கேட்டார்: "கரு தங்க ஏதும் சிகிச்சை எடுத்தனீங்களா?"

கட்டிலருகே நின்ற ஊழியப் பெண் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவள்.

"இல்லை டொக்டர். தானா உண்டானது," என்றாள் மனைவி. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அதைத் திருத்தவில்லை.

ஸ்கானில் துடிப்பு இருந்தது. "பிள்ளை இருக்க வேண்டிய இடத்திலதான் இருக்குது. வாய்வா இருக்கும். கொஞ்ச நேரம் வைச்சுப் பாப்பம்," என்று டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாடி நூற்றுப் பதினெட்டு. பிறகு நூற்று முப்பத்திரண்டு. "அப்பா, கண் இருட்டுது," என்றாள் மகள்.

என் சட்டையைப் பிடித்த மனைவியின் கையை உதறிவிட்டு டொக்டரிடம் போனேன். "இவ சொன்னது பொய். கொழும்பில வைச்சது. ரெண்டு வைச்சவை. ஒண்டைத்தான் கண்டனாங்கள்."

"உங்களுக்கு வெக்கமில்லையே!" என்றாள் மனைவி.

டொக்டரின் முகம் மாறியது. "ஐயா, இதை ஏன் முதல்லயே சொல்லேல்லை?"

கருப்பைக்குள் ஒரு கரு இருந்தால் அதற்கு வெளியே இன்னொன்று இருப்பது மிக அரிது, ஆனால் இப்படிக் கரு வைத்தவர்களிடம் அப்படி நம்பிச் சும்மா இருக்க முடியாது என்று, ஸ்கான் கருவியைப் பக்கவாட்டில் நகர்த்தியபடியே சொன்னார். மற்றது வலது கருக்குழாயில் வளர்ந்திருந்தது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்திருந்தது. தோள் நொந்ததும் அந்த இரத்தத்தால்தான்.

அறுவைச் சிகிச்சை இரண்டு மணி பத்து நிமிடம் நடந்தது. "தாயைக் காப்பாத்திட்டம். உள்ளுக்குத் துடிப்பும் இருக்குது. ஆனா நிறைய இரத்தம் போயிட்டுது. இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது," என்றார்கள்.

ஊழியப் பெண் மகளின் வளையல்களைக் கொண்டுவந்து நீட்டினாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அக்கா."

"ஊர் முழுக்கச் சொல்லு, பிள்ளை," என்றாள் மனைவி. "அவள் கண் முழிக்கட்டும்."

மகள் விழித்துவிட்டாள். இது கர்ப்பத்தின் பதினோராம் வாரம். துடிப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் ஸ்கான் அறைக்குள் டொக்டர் சற்று நேரம் பேசாமல் திரையைப் பார்த்தால், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.