புளி போட்டு விளக்கிய துப்பாக்கி

என் தங்கையின் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கோட்டையூரில் எங்கள் பூர்வீக வீட்டுக் கூடத்தில், குத்துவிளக்குக்கும் பித்தளைச் சல்லடைக்கும் நடுவே ஒரு கைத்துப்பாக்கி பளபளத்துக்கொண்டிருந்தது.

பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை ஊரார் பார்க்கப் பரப்பிவைப்பது எங்கள் வழக்கம். அதற்காகத்தான் நெடுநாள் பூட்டிக் கிடந்த சாமான் அறையைத் திறந்திருந்தோம். அயித்தை என்று நாங்கள் அழைக்கும் என் தந்தையின் அக்காள், ஓர் அண்டாவுக்குள் மெழுகுத்துணியில் சுற்றிக் கிடந்ததையும் சேர்த்து விளக்கி வரிசையில் வைத்துவிட்டார்.

“அயித்தை, இது துப்பாக்கி.”

“எனக்குக் கண்ணு தெரியுதுப்பா. பொம்மைத் துப்பாக்கி. பர்மாவுலேருந்து யாராச்சும் கொண்டாந்திருப்பாக. பாரு, நம்ம வீட்டு எழுத்துக்கூட வெட்டியிருக்கு.”

எங்கள் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் வெட்டியிருக்கும் அதே எழுத்துகள் பிடியில் இருந்தன. ஆனால் கையில் எடுத்தபோது அதன் கனம் பொம்மையின் கனமாக இல்லை. காவல் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும் என்றேன்.

“போலீசு வந்தா அறைக்கு சீல் வச்சிருவாகடா” என்றார் அயித்தை. “பாதிச் சாமான் இன்னும் உள்ள கெடக்கு. வெறுங்கூடத்தையா சம்பந்தி வீட்டுக்குக் காட்டுறது? கல்யாணம் முடியட்டும்.”

அவருடைய அச்சத்தை என்னால் எளிதாக ஒதுக்க முடியவில்லை. தங்கையின் பிறப்பிலிருந்து அவர் காத்திருந்த நாள் அது. ஆனால் விடிந்தால் வீடு முழுக்கக் குழந்தைகள் ஓடியாடும் என்பதையும் மறக்க முடியவில்லை. முடிவைத் தங்கையே சொன்னாள்.

“எனக்குச் சாமான் எல்லாம் வேணும் அயித்தை. ஆனா அதை ஒளிச்சு வச்சுக்கிட்டு மணையில உக்கார முடியாது. அண்ணன் கூப்பிடட்டும்.”

ஆயுதங்களைப் பற்றி அறிந்த ஏட்டு ஒருவர் சாதாரண உடையில் வந்தார். துப்பாக்கியை எடுத்தவர் முதலில் முகர்ந்து பார்த்தார்.

“என்ன ஆச்சி, புளி போட்டா வெளக்குனீக?”

“பின்ன? சபையில வைக்கிற சாமான துருவோடயா வைப்பாக?”

அவர் உருளையைச் சுழற்றிக் காட்டினார். ஆறு துளைகளும் காலி. ஒவ்வொன்றின் விளிம்பிலும் கடுகளவு பள்ளம் இருந்தது.

“இதுதான் தம்பி அடையாளம். அந்தக் காலத்துத் தோட்டாவுல பக்கவாட்டுல ஒரு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். அது இந்தப் பள்ளத்துல உக்காரும், சுத்தியல் அதும் மேல அடிக்கும். நூறு வருசத்துக்கு மேல பழசு. அசல் துப்பாக்கிதான். லைசென்சு இல்லாததால நிலையத்துல ஒப்படைக்கணும்.”

அயித்தை மெல்லக் கேட்டார்: “அறை?”

“அறை என்ன செஞ்சுச்சு? அதுக்கு எதுக்கு சீலு? தோட்டா கெடக்கான்னு மட்டும் ஒரு தடவ பாத்துர்றேன்.”

தேடியதில் கிடைத்தது ஒரு முறுக்கு உரல்தான். அவர் ரசீது எழுதி முடிக்கும்போது, அயித்தை தம் கையாலேயே பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினார்.

ஏட்டு போனதும் அயித்தை அந்த வரிசையை எண்ணினார். இருபது. அவருக்கு எதுவும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்.

“இருபத்தொண்ணா வச்சிருந்தேன். ஒண்ணக் கொண்டுபோயிட்டாக” என்றார்.

காப்பி குடித்த டம்ளரை எடுத்துப்போய்ப் புளி போட்டு விளக்கி, துப்பாக்கி இருந்த இடத்திலேயே வைத்தார். அயித்தை சாமான் அறையின் இரு கதவுகளையும் அகலத் திறந்துவைத்து, மிச்ச அண்டாக்களை உருட்டத் தொடங்கினார்.