மன்னிப்பக்காவின் வாய்

சலவைக்கடை மேசையில் அவள் தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டி இடது கையில். வலது கை, துணி நகராமல் அழுத்திக்கொள்ள மட்டும். முறிந்து கூடிய மணிக்கட்டு மடங்க மாட்டேன் என்றது. இடது கை தேய்த்த உறை, நாய் படுத்து எழுந்த மாதிரி இருந்தது. முதலாளி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

எல்லோருக்கும் அவள் மன்னிப்பக்கா. யார் இடித்தாலும் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமும் கேட்பாள்.

கை முறிந்த அன்று, மருந்துக்கடை வாசலில் உடைந்த படியை மிதியடி விரித்து மூடியிருந்தார்கள். மிதித்தாள், மிதியடியோடு சறுக்கி விழுந்தாள். தூக்கிவிட வந்த கடைக்காரரிடம், "மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்" என்றாள். தெருவே கேட்டது.

கையை மடங்கவைக்கும் சிகிச்சைக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது, கடைக்காரரின் வக்கீலுக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

"அண்ணி, நாளைக்குக் கோர்ட்ல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்த வார்த்தை வந்துச்சு, நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் நாத்தனார்.

"சரிம்மா, மன்னிச்சுக்கோ."

"இதைத்தான் சொல்றேன்."

விசாரணை அறை ஒடுக்கமானது. "என் தப்புன்னு நீங்களே சொன்னீங்களா இல்லையா?" என்றார் வக்கீல்.

"சொன்னேங்க."

"அவ்வளவுதான்." வக்கீல் நாற்காலியைப் பின்னால் இழுத்து நிறைவாக உட்கார்ந்தார். அதன் கால் மன்னிப்பக்காவின் கால்விரல்மேல் இறங்கியது.

"மன்னிச்சுக்குங்க சார், என் தப்புதான்."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நீதிபதி எட்டிப் பார்த்தார். "வக்கீல் சார், முதல்ல எழுந்திருங்க. ஏம்மா, இதுல உங்க தப்பு என்ன?"

அவள் நேர்மையாக யோசித்தாள். "காலை அங்க வெச்சிருந்தேங்க."

இதையும் எழுதுவதா என்று குமாஸ்தா கேட்டார். எழுதச் சொன்னார் நீதிபதி. பிறகு கடைக்காரரிடம், மிதியடி எதற்கு என்று கேட்டார்.

"படி உடைஞ்சு பார்க்க அசிங்கமா இருந்துச்சுங்க."

அவர் வாயாலேயே வந்துவிட்டது. சிகிச்சைச் செலவு முழுக்கக் கடையின் தலையில் விழுந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் பார்த்தாள். படியைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். சிமெண்ட் ஈரம். தடுப்பு ஒன்றும் வைக்கவில்லை. கடையின் குப்பைக்கூடையை இடது கையால் இழுத்துவந்து படிமேல் குறுக்கே நிறுத்தினாள்.

"உங்க கூடையை எடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.