காக்கியா வெள்ளையா என்று கேட்டு வருகிறவர்கள்

பிள்ளையை நர்சிங்கில் சேர்ப்பதா, போலீசுக்குத் தயார் பண்ணுவதா என்று குழம்பி வருகிறவர்களுக்கு வழி சொல்வது என் பிழைப்பு. அவர்கள் தெளிந்து போகிறார்களோ இல்லையோ, போகும்போது அந்தக் குழப்பத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பல வருஷம் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு, ராசிபுரத்தில் ஒரு நூல் கடையின் மாடியில் அறை பிடித்து இந்த வேலையை ஆரம்பித்தேன். நர்சிங் பற்றிக் கேட்டால் நான் சொல்வேன். போலீஸ், தீயணைப்பு, ராணுவம் என்று ஓட்டமும் தாண்டலும் உள்ள பக்கத்தைச் செல்வராஜ் அண்ணன் பார்த்துக்கொள்வார். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். விடிந்தும் விடியாமல் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருப்பார். உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்து, வருகிற சொந்தக்காரர்களெல்லாம் ஆளுக்கொரு படிப்பைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், நான் சொல்லப்போகிறவர்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

அப்பாவுக்கு வந்த மயக்கம்

வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறவர் பழனிசாமி. மகள் கோகிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பொம்பளப் புள்ளைக்கு நர்சு வேலைதானுங்க நல்லது. நாளைக்கு வெளிநாட்டுக்குப் போறதுன்னாலும் போகலாம்" என்றார். நான் அந்தப் பெண்ணிடம், "ரத்தத்தப் பார்த்தா பயமா இருக்குமா கண்ணு?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறக்குமுன் அவர், "அதெல்லாம் பயப்பட மாட்டாளுங்க" என்றார். எந்தக் கேள்வியை அவளிடம் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வந்தது.

நர்சிங் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்டைக் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன். தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றில் சொல்லிவைத்து, இருவரையும் கூட்டிப்போனேன். காலில் சர்க்கரைப் புண் உள்ள ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் கட்டிலருகே நின்றோம். நர்ஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் "சாமீ" என்று ஒரு முனகல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பழனிசாமி சுவரோடு சரிந்துகொண்டிருக்கிறார். என் முதுகை வைத்துக்கொண்டு நான் குனிவதற்குள் கோகிலா அவர் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தாங்கி, தரையில் படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, காலைத் தூக்கி ஒரு முக்காலிமேல் வைத்துவிட்டாள். அப்புறம் எழுந்து கட்டில்காரரைப் பார்த்து, "உங்களுக்கு வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இப்போது அவள் நர்சிங் டிப்ளமோ படிக்கிறாள். அன்று வெளியே வந்து டீ குடித்துத் தெம்பான பிறகு பழனிசாமி மகளிடம் சொன்னார்: "நீ இதுலயே சேந்துக்கோ சாமி. நாளைக்கு நீ வேலையில இருக்கறப்ப மட்டும் வந்து பாருங்கன்னு என்னையக் கூப்புட்டுராத."

படுத்துக்கொண்டே போனவள்

வாழப்பாடி சத்யாவுக்குப் போலீஸ் என்றால் உயிர். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உயரம்தான் இழுபறி. காலையில் எழுந்ததும் அளந்தால் சரியாக இருக்கும், மத்தியானம் அளந்தால் ஒரு நூல் குறையும். நாளெல்லாம் நின்றால் எல்லோருக்குமே முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், அவளுக்கு அந்த ஒரு நூல்தான் வாழ்க்கையாக இருந்தது. அதனால் உடல்தகுதித் தேர்வு நடந்த அன்று அவளைத் தரையில் நிற்கவே விடவில்லை. அவள் அண்ணன் தன் குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்னால் மெத்தையை விரித்து, அவளைப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாயைக் கட்டிச் சேலத்துக்கு ஓட்டினான். துணைக்கு நானும் முன்சீட்டில் இருந்தேன்.

சேலத்துக்குள் நுழைகிற இடத்தில் போக்குவரத்து நெரிசல். ஒரு காவலர் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பதறி, "என்னப்பா ஆச்சு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்றார். அண்ணன் திருதிருவென்று விழித்தான். படுத்திருந்தபடியே சத்யா, "ஆஸ்பத்திரிக்கு இல்ல சார், உங்க வேலைக்குத்தான் போறேன்" என்றாள். அந்த மனுஷர் சிரிக்கவில்லை. விசிலை ஊதி, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி எங்களைப் போகவிட்டார்.

அப்படிப் போயும் உயரம் போதவில்லை. திரும்பும்போது அந்த மெத்தைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே வந்தாள். பிறகு சில மாசம் கழித்து, விலங்கியல் பட்டம் படித்திருந்தவளுக்கு ஆம்புலன்ஸில் முதலுதவி பார்க்கிற வேலைக்கு வழி இருப்பதைச் சொன்னேன். அரை மனசோடு போனாள், பயிற்சி முடித்தாள், சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் ஒருநாள் போன் பண்ணினாள்: "அக்கா, இப்ப நான் போனா எல்லா போலீசும் எனக்கு வழி விடுறாங்கக்கா."

கையில் ஏறிய பெயர்

ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது எங்கள் மைதானத்துப் பையன்களில் அருமையாக ஓடியவன் மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வந்துவிட்டான். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக, ரோஜாப் பூவும் இலையுமாக ஒரு பெண்ணின் பெயரைப் பச்சை குத்தியிருந்தான்; அந்த இடத்தில் பச்சை இருந்தால் ராணுவத்தில் எடுக்க மாட்டார்கள். மைதானத்துக்கு எப்போதும் முழுக்கைச் சட்டையோடு வந்ததால் செல்வராஜ் அண்ணனுக்கே தெரியாது. அண்ணன் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்துப் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "வேற எதுக்குங்கண்ணா முயற்சி பண்ணட்டும்?" என்றான். அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "மொதல்ல அந்தப் புள்ள ஊட்டுல போயிப் பொண்ணு கேளு தம்பி, இந்தக் கைக்கு இனி வேற எடத்துல சம்பந்தம் அமையாது."

மாமியாரும் மருமகளும்

சேந்தமங்கலத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் பெயர் கவிதா. இடுப்பில் ஒரு குழந்தை. இருபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும், பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாம். மாமியார் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார். மருமகளுக்குப் படிக்க ஆசை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை, என்னிடம் நாலு வார்த்தை கேட்டு மறுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அதனால் கல்யாணமான பெண்களும் நர்சிங் படிக்கலாம், வயசு ஒரு தடையில்லை என்று மாமியாரைப் பார்த்து விளக்கு விளக்கென்று விளக்கினேன்.

"அத எனக்கெதுக்குங்க சொல்றீங்க? இவகிட்டச் சொல்லுங்க. இவதான் மாட்டேங்கறா" என்றார் அந்தம்மா. கவிதா கூச்சத்தோடு, "பதினேழு வயசுப் புள்ளைங்களோட போயி உக்காரணுமேங்க்கா. கொழந்த வேற" என்றாள். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், சோறு நான் ஆக்கிக்கொள்கிறேன், நீ பஸ் ஏறிப் போய் வந்தால் போதும் என்று மாமியார் அங்கேயே, என் முன்னால், மருமகளிடம் கெஞ்சினார். கவிதாவின் புருஷன் போர்வெல் வண்டியோடு வடக்கே போகிறவன். போனால் மாசக்கணக்கில் தகவல் இருக்காதாம். திரும்பி வருகிறபோது வெறுங்கையோடு வருவானாம்.

நான் மாமியாரிடம், "உங்க மகன் இதுக்குச் சம்மதிப்பாருங்களா?" என்று கேட்டேன். அந்தம்மா குழந்தையை மருமகள் இடுப்பிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் அப்பனையும் இப்படித்தானுங்க சம்மதம் கேட்டுக் கேட்டு நான் ஊட்டுக்குள்ளயே உக்காந்துட்டேன், இவளும் உக்கார வேண்டாம்."

கவிதா அந்த வருஷமே சேர்ந்தாள்.

டாக்டர் வீடு

திருச்செங்கோட்டுப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர் முத்துசாமி. மகன் தினேஷ் நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். "ஆம்பளப் பையன் நர்சுன்னு சொன்னா நாளைக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்?" என்று அவர் என்னிடம் மல்லுக்கு நின்றார். ஆண் நர்ஸுகளுக்கு இருக்கிற தேவையைச் சொன்னேன். ராணுவ ஆஸ்பத்திரியிலும் அவர்கள் உண்டு என்று செல்வராஜ் அண்ணன் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். பையனைச் சேர்த்துவிட்டார். ஆனால் ஊருக்குள் மட்டும் "மெடிக்கல் படிக்கறான்" என்று சொல்லிவைத்தார்.

ஊர் அதைத் தன் இஷ்டத்துக்கு வளர்த்துவிட்டது. தினேஷ் விடுமுறைக்கு வந்தால் வாசலில் மூட்டுவலியும் இருமலும் வரிசையில் நிற்கும். அவன் தவித்துப்போய், "நான் டாக்டர் இல்லீங்க" என்று சொன்னால் தன்னடக்கம் என்று மெச்சுவார்கள். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருக்கிற ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, "டாக்டர் தம்பி இருக்கறாப்லயா?" என்று இவர்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். தினேஷ் அவர் வியர்வையைப் பார்த்தான், நாடியைப் பிடித்தான், ஒரு கேள்வி கேட்காமல் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தான். ஆள் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

முத்துசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தான் சொன்ன பொய்யால் ஒரு உசிரு போகப் பார்த்ததே என்று பிறகு என்னிடம் சொல்லி நொந்துகொண்டார். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போய், பட்டறைக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சத்தமாகச் சொன்னாராம்: "எம் பையன் டாக்டரில்லீங்க, நர்சுங்க, நெஞ்சு வலிச்சா எங்க ஊட்டுக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

புது விரிப்பு

நான் சேர்த்துவிட்ட ரம்யா ஒருநாள் கல்லூரி விடுதியிலிருந்து பெட்டியோடு நேரே என் அறைக்கு வந்து நின்றாள். "நிறுத்திக்கறேங்க்கா" என்றாள். அவள் பயிற்சிக்குப் போன வார்டில் ஒரு லாரி டிரைவர் இருந்தாராம். இவள்தான் தினமும் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். நன்றாகத் தேறி வந்தார், வீட்டுக்குப் போனதும் மகளிடம் உன்னைப் பற்றிச் சொல்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் இவள் போனபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. இவள் அங்கேயே நின்று அழ, மற்ற நோயாளிகள் முன்னால் அழக் கூடாது என்று மூத்த நர்ஸ் சத்தம் போட்டிருக்கிறார்.

டீ வரவழைத்தேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை, அடுத்து என்ன படிக்கலாம் என்று நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க அழுதிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள். "துணி அடுக்கி வைக்கிற ரூமுக்குள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு. வேலைய விட்ட வருஷம் வரைக்கும்" என்றேன். அதுதான் உண்மை. அந்த மூத்த நர்ஸுக்கும் அப்படி ஒரு ரூம் இருக்கும் என்றேன்.

அவள் ஜன்னலருகே போய் நின்று டீயைக் குடித்து முடித்தாள். கீழே நூல் கடைக்கு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, கல்லூரிப் பக்கம் போகிற பஸ் எப்போது என்று கேட்டாள். படியிறங்குமுன் திரும்பிச் சொன்னாள்: "அழுகாம இருக்கோணும்னா என்னால ஆகாதுங்க்கா, அழுதுட்டு வந்து வேலை பார்க்கலாம்னா பார்க்கறேன்."

சொந்த வீட்டில்

இந்த வருஷம் என் மகள் யாழினி பிளஸ் டூ முடித்தாள். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள் வீட்டுப் பிள்ளை என்ன ஆகப் போகிறது என்று தெருவே காத்திருந்தது. மதிப்பெண் நல்லபடியாக வந்திருந்தது. உயரமும் என் குடும்பத்தில் இல்லாத உயரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்து, போலீஸ் என்றால் என்ன பண்ண வேண்டும் என்று ஒரு பக்கம் சொன்னார். நான் இன்னொரு பக்கம் நர்சிங்கில் இருக்கிற அத்தனை வழியையும் எடுத்து வைத்தேன். என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினார். யாழினி பொறுமையாகக் கேட்டாள். இட்லியைத் தின்று முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்: "எல்.கே.ஜி.யில இருந்து யூனிபார்ம் போட்டு எனக்குச் சலிச்சுப்போச்சும்மா, இனிமேலாவது கலர் டிரஸ் போட்டுக்கறேனே."

அவள் பி.காம். சேர்ந்துவிட்டாள், நான் வழக்கம்போல என் அறையில் உட்கார்ந்து, யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த உடுப்பு பொருந்தும் என்று இம்மியும் சந்தேகமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.