டீக்கடை வரைக்கும் ஒரு கிரேக்கச் சொல்

விவிலியத்தில் எனக்குப் பிடித்த கிரேக்கச் சொல் ஒன்று உண்டு: அபாந்தேசிஸ். நான் கிரேக்கம் படித்தவள் இல்லை. திண்டிவனத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், எங்கள் பங்குக் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு விவிலிய வகுப்பு எடுக்கிறேன். அதற்காக உரைநூல்களைப் புரட்டியபோது இந்தச் சொல் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து வகுப்பில் யாரையும் நான் நிம்மதியாக விட்டதில்லை.

எதிர்கொண்டு போய் அழைத்து வருவது என்று பொருள். அந்தக் காலத்துக் கிரேக்க நகரங்களுக்குப் பெரிய மனிதர் யாராவது வந்தால், ஊரார் வாசலில் நின்று காத்திருக்க மாட்டார்களாம். வெளியே கிளம்பிப் போய், வழியிலேயே அவரைச் சந்தித்து, கூடவே நடந்து ஊருக்குள் கூட்டி வருவார்களாம். பத்துக் கன்னியர் மணமகனை எதிர்கொள்ளப் புறப்படும் கதையில் இந்தச் சொல் வருகிறது. ஆண்டவர் மறுபடி வரும்போது மேகங்களில் அவரை எதிர்கொள்வோம் என்று திருத்தூதர் பவுல் எழுதும் இடத்திலும் வருகிறது.

எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிறார்கள். வழியில் புயலில் கப்பல் உடைந்தும் அவர் கலங்காமல் தப்பி வருகிறார். செய்தி கேட்ட ரோம் நகரத்துச் சகோதரர்கள் சிலர் மூன்று சத்திரம் என்கிற இடம் வரைக்கும், சிலர் அதையும் தாண்டி அப்பியுபுரம் வரைக்கும் எதிரே வருகிறார்கள். அவர்களைப் பார்த்ததும் பவுலுக்குத் தைரியம் வந்ததாம். பழைய மொழிபெயர்ப்பில் இருந்த அப்பியுபுரத்தை நான் வாசித்தபோது, விழுப்புரம் அனந்தபுரம் மாதிரி அதுவும் நம்ம ரூட் பஸ் நிற்கிற ஊர்தான் போலிருக்கிறது என்று வகுப்பே சிரித்தது.

சிரித்து முடித்ததும் ஒருத்தி கேட்டாள். "கப்பல் ஒடஞ்சப்பவே பயப்படாத மனுஷன் டீச்சர். அவருக்கு இன்னாத்துக்குப் புதுசா தைரியம்?" அதிகமாகப் பேசிச் சமாளித்தேன்.

இந்த நேரத்தில்தான் என் மகனுக்குக் கல்யாணம் கூடியது. புதுச்சேரியில் அவனோடு வேலை செய்யும் பெண். கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமம், சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடும் இந்துக் குடும்பம். அவளுடைய அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டோடு அழைக்கப் போனபோது வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "பாக்கலாங்க" என்றார், அவ்வளவுதான். அவள் என்னிடம் புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "எங்கப்பா வந்து நிக்கணும் அத்தை. அது போதும்" என்றாள்.

கல்யாணத்தன்று காலை கோயில் வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர் எல்லாம் வைத்துக்கொண்டு, பேண்டுக்காரர்களோடு பெண் வீட்டார் வண்டிக்குக் காத்திருந்தோம். எங்களுக்கு வரவேற்பு என்றால் கோயில் வாசல்தான். அவர்கள் வழக்கத்தில், பெண் அழைப்புக்கு மாப்பிள்ளை வீட்டார் ஊர் எல்லைக்கே மேளத்தோடு வர வேண்டும். இதை அவர்கள் சொல்லவும் இல்லை, எங்களுக்குக் கேட்கத் தோன்றவும் இல்லை.

பெண்ணிடமிருந்து போன் வந்தது. "அத்தை, பைபாஸ்ல வண்டிய நிறுத்தச் சொல்லி அப்பா டீக்கடையில எறங்கி ஒக்காந்துக்கினாரு. எழுந்திருக்கவே மாட்டேங்கறாரு. நீங்கள்லாம் போங்க, நான் பஸ் புடிச்சி ஊருக்குப் போறேங்கறாரு." பேச முடியாமல் அழுதாள்.

"மரியாத கேக்கறாரு" என்றார் என் வீட்டுக்காரர். "இன்னிக்கு எறங்கிப் போனா நாளைக்குத் தலமேல ஏறுவாரு. வரட்டும், பாக்கலாம்." எனக்கும் கோபம்தான். ஃபாதர் பூசைக்குத் தயாராக நிற்கிறார், இந்த நேரத்திலா மனிதருக்கு டீ?

வகுப்பில் கேள்வி கேட்டாளே, அவள் பட்டுப்புடவையில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். "டீச்சர், வருஷம் பூரா எங்களப் போட்டு வறுத்தீங்களே, அந்த வார்த்தைக்குப் பேரு இன்னா?" என்றாள் ரொம்ப அடக்கமாக.

நான் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஷேர் ஆட்டோக்களில் ஏறினார்கள். பேண்டுக்காரர்களும் தொற்றிக்கொண்டார்கள். பைபாஸில் இறங்கியதும் என்ன வாசிப்பது என்று தெரியாமல் அவர்கள் மாதா பாட்டை வாசிக்க, போகிற லாரியெல்லாம் ஹாரன் அடித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷமாகவும் இருந்தது.

டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. எங்களைக் கண்டதும் பதறி எழுந்ததில் அது புது வேட்டியில் கொட்டியது.

"வாங்க சம்மந்தி" என்று பன்னீரைத் தெளித்தேன். சண்டைக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் மெதுவாக. "மாதா கோயிலுக்குள்ள நான் போனதே கெடையாது. எங்க நிக்கணும், எப்ப ஒக்காரணும், ஒண்ணும் தெரியாது. அத்தினி பேரு முன்னால எம் பொண்ணுக்குத் தலகுனிவா பூடுமோன்னு பயம். காலு வரல."

பவுலைப் பற்றிய கேள்விக்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. கடலுக்குப் பயப்படாதவருக்கும் தெரியாத ஊரின் வாசல் பயம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பக்கத்துலயே இருங்க. நான் ஒக்காந்தா ஒக்காருங்க, நான் எழுந்தா எழுந்திருங்க" என்றேன்.

அப்படியே செய்தார். தாலி கட்டும்போது நான் அழுகையில் எழுந்திருக்க மறந்துபோனேன். கோயிலே எழுந்து நிற்க, நாங்கள் இருவர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தோம். மணப்பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த வாரம் மறுவீட்டு விருந்துக்குக் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தார். அந்த ஊரில் சம்மந்தி வீட்டைத் தவிர எங்களுக்கு யாரையும் தெரியாது, அவர்கள் பங்காளிகள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது. விழுப்புரம் நாலுமுனை ரோட்டில் கார் திரும்பும்போது, வெயிலில், வெளுத்த வேட்டியோடு சம்மந்தி நின்றுகொண்டிருந்தார்.

"ஊரு இன்னும் எவ்ளோ தூரம் இருக்குது, இங்க எதுக்குங்க வந்தீங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பழகாத ஊருன்னா உங்களுக்கும் அப்பிடித்தான இருக்கும் சம்மந்தி" என்று சொல்லிக்கொண்டே அவர் கார்க் கதவைத் திறந்தார். என் வீட்டுக்காரர் நகர்ந்து இடம் விட்டார்.