மூடக் கூடாத வால்வு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனால் நான் தலைகுனிந்த நாட்கள் நிறைய. அதில் ஒரு நாளை மட்டும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. மாடியில் நானும் என் வீட்டுக்காரரும். கீழே தையல் வேலை செய்கிற பெண் ஒருத்தி குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் விழுந்து பிழைத்து வந்த வருஷம், மலை சுற்றுகிறவர்களுக்காகக் கேட்டுக்கு வெளியே ஒரு குழாய் வைத்தோம். தண்ணீர் வரவில்லை என்று அங்கிருந்து ஒருவர்கூடத் திரும்பக் கூடாது என்பது என் வேண்டுதல்.

போன கோடையில், காலையில் நிரப்பிய மாடித் தொட்டி மதியத்துக்குள் காலியாக ஆரம்பித்தது. பிளம்பரைக் கூப்பிட்டேன். தொட்டியிலிருந்து மூன்று பைப் இறங்குகிறது. எங்களுக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று, வெளிக்குழாய்க்கு ஒன்று. ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்தால் எதில் கசிகிறது என்று தெரிந்துவிடும் என்றார். எங்கள் வால்வை மூடினார். அப்போதும் தண்ணீர் குறைந்தது. கீழ்வீட்டு வால்வு துருப்பிடித்து அசையவே இல்லை. வெளிக்குழாய் வால்வில் கை வைத்ததும் நான் தடுத்தேன்.

"அத மட்டும் மூடாதீங்க. சாமிக்கு வேண்டிக்கிட்டது."

"ஒரு மணி நேரந்தாங்க."

"ஒரு நிமிஷம்கூட ஆகாது."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மிச்சம் இருப்பது கீழ்வீடுதானே என்று நானே தீர்ப்பு எழுதினேன். நேராகக் கீழே போய், "இவ்ளோ ஜாஸ்தி தண்ணி செலவு பண்றவங்க எனக்கு வேணாம். மாசக் கடைசியில காலி பண்ணிடு" என்றேன். அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். இடம் மாறினால் பிழைப்பு போய்விடும். தெரிந்துதான் சொன்னேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை. கிளம்புகிற நாள் வந்தது. சாயங்காலம் வரச் சொல்லி வண்டி பேசிவிட்டு, தையல் மிஷினைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டு, காலையில் மாடிக்கு வந்தாள்.

"அந்த வால்வையும் மூடிப் பாத்துடலாங்க்கா. தண்ணிய வீணாக்கினவன்னு பேர் வாங்கிட்டு நான் போக முடியாது."

"வேண்டுதல் இருக்கேம்மா."

"தண்ணி இல்லன்னுதானே யாரும் திரும்பக் கூடாது? அத நான் பாத்துக்கறேன்."

தன் சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு போய், வெளிக்குழாய் அருகில் ஸ்டூல் போட்டு வைத்தாள். சொம்போடு வெயிலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். நான் மாடியேறி என் கையாலேயே வால்வை மூடினேன். தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் கீறி அடையாளம் வைத்தேன். இரண்டு வீட்டிலும் குழாயைத் திறக்காமல் இருந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், தண்ணீர் கீறலிலேயே நின்றது.

போன் பண்ணியதும் பிளம்பர் ஓடி வந்தார். கேட்டுக்கு அடியில் தோண்டியபோது வெளிக்குழாய்க்குப் போகிற பைப் வளைகிற இடத்தில் இருந்த எல்போ விரிசல் விட்டிருந்தது. கசிந்ததெல்லாம் மண்ணுக்குள்ளேயே சாலையோரக் கால்வாய்க்குப் போயிருக்கிறது. அதனால்தான் மேலே ஈரமே தெரியவில்லை. மதியத்துக்குள் புது எல்போ போட்டு ஒட்டிவிட்டார்.

நான் வெளியே போனபோது, தண்ணீர் குடித்த ஒரு பெரியவர் அவளைப் பார்த்து, "நல்லா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். குடத்தில் அடித்தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. பழி சுமத்தி வெளியே போகச் சொன்னவளின் வேண்டுதலைத் தன் குடத்துத் தண்ணீரால் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடன் எனக்கு இந்த ஜென்மத்தில் தீராது.

"தப்பு என் மேலதாம்மா. போகாத" என்றேன்.

நான் அவள் வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, மிஷினில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. நிலைப்படியில் நின்று பார்த்தவள், எதிரில் வந்து உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.